காரைக்குடியிலிருந்து ஒயின் தோட்டத்துக்கு

கேள்வி: கணவர், நான், நாத்தனார், அவர் வீட்டுக்காரர் என நாலு பேரும் ஒரு சனி, ஞாயிறில் ஒயின் தோட்டம் பார்த்து வர ஆசை. நாசிக் போகலாமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: நாசிக் அருமையான இடம்தான், ஆனால் இரண்டு நாளுக்கு ஒத்துவராது, பாதி நேரம் பயணத்திலேயே போய்விடும். அதை நாலைந்து நாள் லீவு கிடைக்கும்போது, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வையுங்கள், அப்போதுதான் அங்கே அறுவடை, கொடியில் குலை தொங்குவதைப் பார்க்கலாம்.

இப்போதைக்கு நந்தி மலைப் பக்கம் போங்கள். வெள்ளி இரவு திருச்சியில் ரயில் ஏறினால் காலையில் பெங்களூரு, அங்கிருந்து தொட்டபள்ளாபூர் பக்கம் குரோவர் ஜாம்பா தோட்டம். முன்பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள். வாடகைக் கார் டிரைவரோடு எடுங்கள், நாலு பேரும் ருசி பார்க்கப் போகிறீர்கள், யாரும் ஓட்டக் கூடாது.

இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கிளாஸைச் சாய்த்து நிறம் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், அப்புறம் ஒரு வாய். பிடிக்காவிட்டால் துப்புவதற்கென்றே கிண்ணம் வைத்திருப்பார்கள், கூச்சமே வேண்டாம். திராட்சைச் சாறு தோலோடு ஊறி நொதிப்பதால்தான் சிவப்பு ஒயினுக்கு அந்த நிறமும் துவர்ப்பும். நம் உப்புக்கறி, மிளகுக் கோழிக்கு அந்தத் துவர்ப்பு சேராது, காரத்தை இன்னும் ஏற்றிவிடும். லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் போன்ற வெள்ளை ஒயினைக் குளிரவைத்துக் குடித்துப் பாருங்கள், அவ்வளவு பொருத்தம்.

குழந்தைகளும் வருவதாக இருந்தால் கம்பம் போங்கள். அங்கே பன்னீர் திராட்சை வருடம் முழுக்கக் காய்க்கிறது, 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.