ரத்த குரூப் பொருந்தினால் கிட்னி கொடுத்தே ஆகவேண்டுமா?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் கூட்டுக்குடும்பமாக இருக்கிறோம். என் கணவரின் அண்ணன் டயாலிசிஸில் இருக்கிறார். எனக்கு ஓ பாசிட்டிவ் என்பதால் நான்தான் கிட்னி தரவேண்டும் என்கிறார்கள். “ஒண்ணு இருந்தா போதும், ஒண்ணும் ஆகாது” என்கிறார் மாமியார். எனக்கு 33 வயது, இரண்டு பிள்ளைகள். மனசு ஒப்பவில்லை. மறுத்தால் வீட்டில் இருக்க முடியாது. என்ன செய்வது?

பதில்: தாராளமாக மறுக்கலாம். கையெழுத்துப் போட்ட பிறகும், ஆபரேஷன் தொடங்கும்வரை மனம் மாறலாம்.

சரி, உங்கள் கணவர் டெஸ்ட் செய்துகொண்டாரா? கூடப்பிறந்தவர் அவர்தானே! நோயாளியின் மனைவி? உறுப்பு மாற்றுச் சட்டம் (1994, திருத்தம் 2011) நெருங்கிய உறவு என்று ஏற்பது கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளை மட்டும்தான். தம்பி மனைவி அதில் வரமாட்டார். ஆகவே நீங்கள் கொடுப்பதென்றால் அங்கீகாரக் கமிட்டி உங்களைக் கூப்பிட்டு விசாரிக்கும். ஏன் கொடுக்கிறீர்கள், தரகர் உண்டா, இரு தரப்பின் வருமானம் என்ன என்று கேட்டு, அதை வீடியோவில் பதிவுசெய்வார்கள். கொடுப்பவர் பெண் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சுயவிருப்பத்தை நோயாளி அல்லாத இன்னொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று 2014 விதிகள் சொல்கின்றன. காரணம் இருக்கிறது. நம் நாட்டில் உயிரோடு கிட்னி கொடுப்பவர்களில் பெண்கள் அதிகம், பெறுபவர்களில் ஆண்கள் அதிகம். “பதிலுக்கு நகை போடுகிறோம்” என்று யாராவது பேச்செடுத்தால் அது குற்றம், 10 ஆண்டு வரை சிறை.

மாமியார் சொன்னது பாதி சரி. நல்ல ஆரோக்கியமுள்ளவர் ஒரு கிட்னியோடு நன்றாக வாழலாம். ஆனால் கிட்னி கொடுக்கும் 10,000 பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை இந்த ஆபரேஷனால் இறக்கிறார்கள். அப்புறம் ஆயுள் முழுக்க ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பும் கூடுகிறது. ஓ குரூப் மற்ற குரூப்காரர்களுக்கும் கொடுக்கலாம் என்பதால்தான் எல்லோர் கண்ணும் உங்கள்மேல். அது மட்டும் போதாது, கிராஸ் மேட்ச், அதாவது நோயாளியின் உடல் உங்கள் கிட்னியை எதிர்க்குமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் சரியாக வரவேண்டும்.

வீட்டில் எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரியில் டாக்டரையோ மாற்றுச் சிகிச்சை ஒருங்கிணைப்பாளரையோ தனியாகப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். கன்னடமோ ஆங்கிலமோ சரளமாக வராவிட்டால் தமிழ் தெரிந்த நர்ஸ் இருக்கட்டும், குடும்பத்தார் மொழிபெயர்க்க வேண்டாம். உண்மையைச் சொல்லுங்கள். விவரம் எதுவும் சொல்லாமல், “இவர் தானம் செய்யத் தகுதியானவர் இல்லை” என்று மட்டும் குடும்பத்திடம் தெரிவிக்கச் சொல்லுங்கள். பல டாக்டர்கள் இப்படிச் செய்கிறோம். இதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. விருப்பமில்லாதவர் எப்படித் தகுதியானவர் ஆவார்?

நோயாளிக்கும் வழி அடைபடவில்லை. கர்நாடகாவில் உறுப்பு தானத்தை ஒருங்கிணைக்கும் அரசு அமைப்பான ஜீவசார்த்தகதே மூலம், மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னிக்குப் பதிவுசெய்யலாம். கணவரோ ஓரகத்தியோ கொடுக்க முன்வந்து குரூப் பொருந்தாவிட்டால், அதே நிலையில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது. காத்திருக்கும் காலத்தில் டயாலிசிஸைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.