டிகிரி இல்லாம மிலிட்டரி பைலட் ஆகலாமா?

கேள்வி: எனக்கு 22 வயசு. ப்ளஸ் டூல மேத்ஸ், பிசிக்ஸ் ரெண்டுலயும் நல்ல மார்க், ஆனா காலேஜ பாதியில விட்டுட்டேன். கம்ப்யூட்டர்ல ஃப்ளைட் சிமுலேட்டர் நல்லா ஓட்டுவேன். டிகிரி இல்லாம மிலிட்டரி பைலட் ஆக வழி இருக்கா சார்?

பதில்: எந்த நாட்டுக்காரர்னு எழுதாம விட்டுட்டீங்களே, பாதி பதில் அதுலதான் இருக்கு. இந்த வேலைக்கு பெரும்பாலும் சொந்த நாட்டுக் குடிமக்களைத்தான் எடுப்பாங்க, ஒரு நாட்டுல டிகிரி கேக்கலைன்றதுக்காக இன்னொரு நாட்டுக்காரர் போய் நிக்க முடியாது.

அமெரிக்க ஆர்மில ஹெலிகாப்டர் ஓட்டுறவங்கள்ல நிறைய பேர் வாரன்ட் ஆபீசருங்க, அதாவது சிப்பாய்க்கும் முழு ஆபீசருக்கும் நடுவுல இருக்குற ரேங்க். அதுக்கு ஸ்கூல் படிப்பு போதும், ஏற்கனவே ராணுவத்துல இருக்கணும்னு கூட இல்ல. ஆனா சிஃப்ட்னு ஒரு தேர்வு இருக்கு, வாழ்க்கையில ரெண்டே சான்ஸ்தான், பாஸ் பண்ணி ட்ரெயினிங் முடிச்சா 10 வருஷம் சர்வீஸ் பண்ணியே ஆகணும். அதே நாட்டு ஏர்ஃபோர்ஸ்ல பைலட் ஆகணும்னா டிகிரி வேணும். பிரிட்டன் ராயல் ஏர்ஃபோர்ஸ்ல ஏ லெவல் (நம்ம ப்ளஸ் டூ மாதிரி) முடிச்சவங்களையும் எடுக்குறாங்க.

இந்தியான்னா கொஞ்சம் கசப்பா சொல்லணும். ப்ளஸ் டூவோட போற என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி) வழிக்கு வயசு 19.5 தாண்டக்கூடாது, அது உங்களுக்கு முடிஞ்சு போச்சு. ஆஃப்கேட் (விமானப்படை ஆபீசர் நுழைவுத் தேர்வு) வழிக்கு டிகிரி கண்டிப்பா வேணும், கோர்ஸ் ஆரம்பிக்கும்போது 24 வயசுக்குள்ள இருக்கணும், கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கையில இருந்தா 26 வரைக்கும் விடுவாங்க. அப்போ டிகிரிய விட வயசுதான் உங்களுக்குப் பெரிய வில்லன்.

1947-ல முதன்முதலா ஒலி வேகத்தைத் தாண்டிப் பறந்த சக் யேகர் காலேஜ் பக்கமே போகாதவர்தானேன்னு கேப்பீங்க. உண்மைதான், 1941-ல விமான மெக்கானிக்கா சேர்ந்தார், போர் நேரத்துல ஆள் தேவைப்பட்டு விதியத் தளர்த்தினதால பைலட் ஆனார். ஆனா அவரையே பின்னாடி நாசா விண்வெளி வீரரா எடுக்க முடியல, காரணம் டிகிரி இல்ல! கதையோட இந்தப் பாதிய மட்டும் யாரும் ஷேர் பண்றதில்ல.

இப்போ சிமுலேட்டர் விஷயம். அத ஒரு தகுதியா யாரும் எடுத்துக்க மாட்டாங்க. இந்திய விமானப்படையில பைலட் ஆகுற திறமை இருக்கான்னு பாக்க சிபிஎஸ்எஸ்னு ஒரு டெஸ்ட், ஆயுசுக்கு ஒரே தடவைதான், ஃபெயிலானா ஃப்ளையிங் பிராஞ்ச் (பைலட்டுங்க பிரிவு) கதவு மூடிரும். அதுல வர்ற மெஷின் டெஸ்ட்ல கையில ஸ்டிக், காலுக்குக் கீழ பெடல், ஸ்க்ரீன்ல ஓடிட்டே இருக்குற புள்ளிய ஒரு கட்டத்துக்குள்ள பிடிச்சு வைக்கணும், அது போதாதுன்னு நடுநடுவுல லைட் எரியும், சத்தம் வரும், அதுக்கும் உடனே ரெஸ்பான்ஸ் பண்ணணும். இதுக்கு கை, கால், கண் எல்லாம் சேர்ந்து வேலை செய்யணும், வெறும் கீபோர்டுல விளையாடிட்டு போனா பெடல்ல தடுமாறிப் போவீங்க, அதனால வீட்லயே பெடலோட பழகுங்க. கால் நீளம் கூட அளப்பாங்க, 99 சென்டிமீட்டருக்குக் கீழயோ 120-க்கு மேலயோ இருந்தா போச்சு, அத இன்னைக்கே டேப் வச்சு அளந்து பாத்துடுங்க. அதுல பிரச்னை இல்லைன்னா நாளைக்கே காலேஜ்ல ரீ-அட்மிஷன் கேளுங்க, டிகிரி எந்த மாசம் கையில வரும்னு கணக்குப் போட்டு 24-க்குள்ள அடங்குதான்னு பாருங்க.