"போர்டு போச்சு" என்றால் உடனே சரி சொல்லாதீர்கள்

கரண்ட் போய் வந்ததிலிருந்து மும்பை செம்பூர் வீட்டில் வாஷிங் மெஷினில் விளக்கே எரியவில்லை, ரிப்பேர் பார்க்க வந்தவர் கழற்றிக்கூடப் பார்க்காமல் "போர்டு போச்சு" என்று புது மெஷின் விலையில் பாதி கேட்கிறார் என்கிறீர்கள். படித்ததும் வயிறு எரிந்தது. மோட்டாரும் பம்பும் நன்றாக இருக்க, போர்டு என்கிற, மெஷினை இயக்கும் ஒரு சின்ன எலக்ட்ரானிக் அட்டைக்காக மொத்த மெஷினும் முடங்குகிறது. குமிழ் திருகும் பழைய டைமர் என்றால் தெருமுனை மெக்கானிக்கே பார்த்துவிடுவார்.

கரண்ட் திரும்பும்போது வோல்டேஜ் எகிறினால், பெரும்பாலும் போர்டின் வாசலில் இருக்கும் ஃபியூஸும் அதன் பக்கத்து வேரிஸ்டரும்தான் முதலில் போகும். மற்றதைக் காப்பாற்றத்தான் அவை இருக்கின்றன. வேரிஸ்டர் என்பது காசு மாதிரி தட்டையான, பெரும்பாலும் நீல நிறப் பொருள். வெடித்திருந்தால் கருகல் கண்ணுக்கே தெரியும். இரண்டுமே மலிவு.

வாரண்டி இருந்தால் கை வைக்காதீர்கள். கம்பெனி இழுத்தடித்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். வாரண்டி முடிந்திருந்தால், கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடு போய், போர்டு ரிப்பேர் செய்பவரிடம் காட்டுங்கள். போர்டு மேல் ரப்பர் போலப் பசை ஊற்றியிருந்தால் வேலை கஷ்டம், சிலர் வாங்கவே மாட்டார்கள். அப்புறம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனையே கழற்றச் சொல்லுங்கள். கழற்றும் முன் ஒயர்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.