சட்டைக்கு மேலிருந்தே இதயத்துடிப்பைக் கண்காணிக்க முடியுமா?

ஈசிஜி ஒட்டுகளால் அப்பாவின் தோல் சிவந்து கொப்பளிக்கிறது, சட்டைக்கு மேலேயே மாட்டும் கருவியை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். துடிப்பை எண்ண நம்பலாம். மாரடைப்பா இல்லையா என்று தெரிந்துகொள்ள நம்பவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

மருத்துவ மின்னணுக் கருவிகள் செய்வதுதான் என் வேலை. இந்த வகைக் கருவி ஒன்றில் நான்கு வருடம் உழைத்திருக்கிறேன். அதில் நான் இறங்கியதற்குக் காரணம் அம்மா. ஒருமுறை, ஈசிஜியை 24 மணி நேரம் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவி மாட்டியிருந்தார். மறுநாள் ஒட்டுகளை உரித்தபோது ஒவ்வொரு இடத்திலும் காசு அளவுக்கு வட்டமாகத் தோல் சிவந்து கிடந்தது. ஒரு வாரம் அரிப்பு. அதனால் உங்கள் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

ஒட்டில் உள்ள ஈரமான ஜெல்லுக்கு ஒரு வேலை இருக்கிறது. உடம்புக்குள் மின்சாரத்தைச் சுமப்பவை உப்பு அயனிகள், கம்பியில் எலக்ட்ரான்கள். இரண்டையும் இணைப்பது ஜெல்லும் அதற்கு மேலுள்ள வெள்ளி, வெள்ளி குளோரைடு பூச்சும்தான். ஈசிஜியின் தந்தையான ஐந்தோவன், நோயாளியின் கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

சட்டைக்கு மேல் வைக்கும் எலக்ட்ரோட், அதாவது சிக்னலை வாங்கும் உலோகத் தகடு, வேறு வழியில் போகிறது. உடம்பு ஒரு தகடு, கருவியின் உலோகம் இன்னொரு தகடு, நடுவில் துணி. மொத்தத்தில் அது ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்தேக்கி. தோலில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது எதிர்த் தகட்டில் உள்ள மின்னூட்டமும் கூடவே அசைகிறது. 1960களின் பிற்பகுதியிலேயே ரிச்சர்ட்சன் என்பவர் இப்படிக் காப்பிட்ட எலக்ட்ரோடுகளைச் செய்து காட்டிவிட்டார்.

சிக்கல் அளவில் இருக்கிறது. 10 சதுர சென்டிமீட்டர் தகடு, அரை மில்லிமீட்டர் பருத்தித் துணி என்று வைத்துக்கொண்டால் கிடைக்கும் மின்தேக்கும் திறன் சுமார் 25 பைக்கோஃபாரட்தான், மிகச் சிறியது. 1 ஹெர்ட்ஸ் சிக்னலுக்கு அது 600 கோடி ஓமுக்கு மேல் தடை போடும். அதற்குப் பின்னால் வரும் பெருக்கியின் உள்ளீட்டுத் தடை அதைவிடப் பல மடங்கு இருந்தால்தான் ஏதாவது மிஞ்சும். சர்க்யூட் போர்டில் விரல் ரேகை பட்டாலே மின்கசிவு வந்து சிக்னல் சாய்ந்துவிடும். ஆல்கஹால் வைத்துத் துடைத்துத் துடைத்து என் விரல் நுனியெல்லாம் வறண்டு போன நாட்கள் உண்டு.

அதையும் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது அசைவு. தோலில் நமக்குக் கிடைப்பது சுமார் 1 மில்லிவோல்ட். துணி உடம்பில் உரசினால் உண்டாகும் நிலைமின்சாரம் அதைவிட மிகப் பெரியது. அம்மாவுக்கு மாட்டிச் சோதித்தபோது, அவர் அசையாமல் இருந்தவரை திரையில் அலைகள் வரிசையாக ஓடின. மேசையிலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கை நீட்டினார், அவ்வளவுதான். கோடு திரைக்கு மேலே பறந்து, திரும்பி வரப் பல நொடிகள் ஆயின. நைலான் துணியில் இது இன்னும் மோசம். பருத்தி பரவாயில்லை. அதிலும் மாட்டிய உடனே வருவதைவிடச் சற்று நேரம் கழித்து, உடம்பின் ஈரம் துணியில் இறங்கியதும் வருவது தெளிவாக இருக்கும்.

சரி, எதை நம்பலாம்? ஈசிஜியில் ஆர் என்னும் கூர்முனை மற்றவற்றைவிட உயரமாக நிற்பதால், இரைச்சலிலும் தப்பித்துவிடும். ஒரு முனைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி தெரிந்தால் துடிப்பு வேகம் தெரியும், துடிப்பு தாறுமாறாக இருப்பதும் தெரியும். ஆள் உட்கார்ந்தோ படுத்தோ இருந்தால் இந்த எண்களை நான் நம்புவேன். ஆர் முனைக்குப் பின் கோடு கிட்டத்தட்டச் சமமாக ஓடும் எஸ்டி பகுதி அப்படியல்ல. மாரடைப்பைச் சந்தேகிக்க மருத்துவர் பார்க்கும் இறக்கமோ ஏற்றமோ காகிதத்தில் 1 மில்லிமீட்டர்தான், அதாவது 0.1 மில்லிவோல்ட். சட்டைக்கு மேல் எடுக்கும் கோடு அதைவிட அதிகமாக மிதக்கும். மிதப்பை ஃபில்டர் போட்டு நீக்கினால் எஸ்டி பகுதியின் வடிவமும் சேர்ந்து மாறிவிடும். இல்லாத இறக்கம்கூடத் தோன்றலாம். ஆகவே அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் இந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

துடிப்பு காட்டும் ஸ்மார்ட் கைக்கடிகாரங்கள் வேறு. பச்சை ஒளியை உள்ளே அனுப்பி ரத்த ஓட்டத்தை அளப்பவை அவை, தோலைத் தொட்டாக வேண்டும். ஆனால் பசை கிடையாது, உங்கள் அப்பாவுக்கு அதுவே போதுமாக இருக்கலாம்.

முதலில் மருத்துவரிடம், 'துடிப்பு எண்ணிக்கை போதுமா, அலையின் வடிவமும் வேண்டுமா?' என்று கேளுங்கள். வடிவம் வேண்டும் என்றால் ஒட்டுதான் வழி. அப்போது தோல் ஒவ்வாமையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிலருக்குப் பசை ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு ஜெல். வேறு வகை ஒட்டு போடலாம், நாள் கணக்கில் மாட்டுவதானால் இடத்தைச் சற்றுத் தள்ளியும் ஒட்டலாம். அம்மாவுக்கு அடுத்த முறை அப்படித்தான் செய்தார்கள். கழற்றியபோது இரண்டு இடங்களில் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது, மறுநாளே மறைந்துவிட்டது.