சொல்லுக்குள் ஒரு பெயர்: வாசகர் கேள்வி – பதில்

அன்றாடம் புழங்கும் சொற்களுக்குள் மறைந்திருக்கும் ஆட்பெயர்களைக் கண்டுபிடிக்குமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். 'வரவில்லை', 'பெரும்பாலும்', 'கோபுரம்', 'கிராம்பு', 'அனுமதி' என்னும் ஐந்து சொற்களைத் தந்திருந்தோம். அவற்றின் விடைகள் முறையே ரவி, பாலு, கோபு, ராம், அனு என்பவை. கடைசிச் சொல்லில் அனுவுக்குப் பின்னால் மதியும் இருக்கிறாள். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் விடைகளைவிட வழக்குகளே மிகுதியாக இருந்ததால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

'சேகரிப்பு' என்ற சொல்லில் 'சேகர்' இருப்பதாக நான் சொல்கிறேன்; இல்லவே இல்லை என்கிறார் என் கணவர். மீன் குழம்பு கொதிக்கும்போது தொடங்கிய பேச்சு இன்னும் முடியவில்லை. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, திருப்புல்லாணி

உங்கள் கணவர் சொல்வதே சரி, ஆனால் உங்கள் காதும் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது 'சேகர்' என்பது முழுமையாக ஒலித்த பிறகே இகரம் வந்து சேர்கிறது. ஆயினும் எழுத்தில் அந்த ரகர மெய்யும் இகரமும் 'ரி' என்னும் ஒரே உயிர்மெய்யாகிவிடுகின்றன. நம் புதிர் எழுத்தை வைத்து ஆடுவது என்பதால், உயிர்மெய்யைப் பிளக்க இடம் தருவதில்லை.

என் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க, வீட்டில் சேர்ந்துகிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சதுரங்களாக வெட்டி, அச்சில்லாத பக்கத்தில் அட்டைக்கு ஓர் எழுத்தாக எழுதச் சொல்வேன். சே, க, ரி, ப், பு என்று ஐந்து அட்டைகள் கிடைக்கும். அடுத்தடுத்து இருக்கும் அட்டைகளை வரிசை மாறாமல் எடுத்து வைத்தால் பெயர் வர வேண்டும். அதன் பிறகு கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. 'சேகர்' வேண்டுமென்றால் 'ரி' அட்டையின் மேல்விலங்கை வெட்டி எறிந்துவிட்டுப் புள்ளி வைக்க வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது, திருத்தம் ஆகிவிடும். இதே காரணத்தால்தான், ராமர் சிவனை வழிபட்ட தலம் என்று போற்றப்படும் ராமேசுவரத்தின் பெயரில் 'ராம்' இல்லை. அங்கே 'மே' என்ற எழுத்து குறுக்கே நிற்கிறது. பிரியாணியில் போடும் கிராம்பில் 'ராம்' இருக்கிறது.

'துறவி', 'பிறவி' ஆகிய சொற்களிலும் ரவி இருப்பதாக ஏர்வாடியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். பேச்சில் பலர் ரகர றகர வேறுபாடு காட்டுவதில்லை என்றாலும், அட்டையில் எழுதும்போது அவை இரண்டும் வேறு வேறு எழுத்துகள். ஆகவே அந்த விடைகளை ஏற்பதற்கில்லை.

'வரவில்லை' என்பதை மிகச் சிறந்த புதிர் என்று எழுதியிருந்தீர்கள். என் பேரன் அதை ஒரு நொடியில் சொல்லிவிட்டான். அப்படி என்ன சிறப்பு அதில்?
– ஒரு வாசகர், பாம்பன்

பேரனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் ஐயா. அந்தப் புதிரை எனக்குக் காட்டியதும் அவன் வயதையொத்த ஒரு பிள்ளைதான். பல ஆண்டுகளுக்கு முன், மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன மறுநாள் அது. பையன்கள் பலர் படகு திரும்புவதைப் பார்க்கக் கரைக்குப் போய்விட்டதால் வகுப்பில் பாதி இடம் காலியாக இருந்தது. வகுப்புத் தலைவன் கரும்பலகையின் மூலையில் 'ரவி வரவில்லை' என்று எழுதி வைத்திருந்தான். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "சார், வரவில்லைக்குள்ளேயே ரவி இருக்கான் சார்" என்றாள். கரும்பலகைக்குச் சென்று, இடது உள்ளங்கையால் முதல் 'வ'வையும் வலது உள்ளங்கையால் 'ல்லை'யையும் மூடிக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு கைகளுக்கும் நடுவில் ரவி என்ற இரண்டே எழுத்துகள் நின்றன.

அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அது 'வர' என்பதும் 'இல்லை' என்பதும் சேர்ந்தது. 'வர' என்பதில் ரவி இல்லை, 'இல்லை' என்பதிலும் இல்லை. இரண்டு உயிர்களுக்கு நடுவே உடம்படுமெய்யாக வகரம் தோன்றி, அது இகரத்தோடு கூடி 'வி' ஆன பிறகே அந்தப் பெயர் பிறக்கிறது. புணர்ச்சி இலக்கணத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த நமக்கு, அதே புணர்ச்சி ஒரு பெயரை உண்டாக்கித் தருவதைக் காண்பது எத்தனை மகிழ்ச்சி!

நல்ல புதிர்ச்சொற்கள் பலவும் இப்படிச் சொல்லும் சொல்லும் ஒட்டும் இடத்தில்தான் கிடைக்கின்றன. 'நேரம்', 'ஆகிவிட்டது' இரண்டும் கூடி 'நேரமாகிவிட்டது' ஆகும்போது ரமா வருகிறாள். 'பால்' என்பதோடு 'உம்' சேரும்போது பெரும்பாலும் என்ற சொல்லில் பாலு வருகிறார். 'இரவு' என்பதன் இறுதி உகரம் கெட்டு 'இல்' உருபு சேரும்போது 'இரவில்' என்ற சொல்லிலும் ரவி இருக்கிறார். ரவி என்றால் சூரியன்; அந்தப் பெயர் இரவுக்குள் கிடக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குச் சோறுகூட இறங்கவில்லை, பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரவி, ரமா, பாலு என்றே போகிறதே. எங்கள் தெருவில் உள்ள ஆமினா, ஆயிஷா, அமலா, மரியா போன்ற பிள்ளைகளின் பெயர்கள் தமிழ்ச் சொற்களில் ஒளிந்திருக்கவில்லையா?
– ஒரு வாசகி, கீழக்கரை

நியாயமான கேள்வி. மரியாவை 'மரியாதை'யிலும், அமலாவை நாளிதழ்களில் தினமும் வரும் 'அமலாக்கம்' என்ற சொல்லிலும் காணலாம்.

'காணலாம்' என்று நான் எழுதியதற்குப் பதிலாகப் 'பார்க்கலாம்' என்று எழுதியிருந்தால் இன்னொரு பெயரும் வந்திருக்கும். பார்க்கலாம், கேட்கலாம், நடக்கலாம், படிக்கலாம் என்று ககரத்தில் முடியும் எச்சத்தோடு 'லாம்' சேரும் இடமெல்லாம் கலாம் இருக்கிறார். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ராமேசுவரத்தில் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்துல் கலாமின் பெயரை நம் பகுதியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் 'படிக்கலாம்' என்ற சொல்லை எழுதிக் காட்டுங்கள். அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகவாவது இதைச் செய்ய வேண்டும். ககரத்துக்குப் பதில் சகரம் வந்தால், 'பேசலாம்' என்பதில் 'சலாம்' வரும். அது ஆட்பெயர் இல்லை, ஆனால் விட்டுவிட மனம் வரவில்லை.

ஆமினா, ஆயிஷா ஆகியோர் அகப்படாததற்கு எழுத்து முறையே காரணம். தமிழில் தனி உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே நிற்கும். நடுவில் வரும் உயிர், மெய்யின் மேல் ஏறிக்கொள்ளும். எனவே உயிரெழுத்தில் தொடங்கும் பெயர், சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே கிடைக்க முடியும். அமலாக்கத்தில் அமலாவும், இந்துப்பில் இந்துவும், அனுபவத்தில் அனுவும் அப்படித்தான் தலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 'ஆசியா' என்பது பெண்களுக்கு வைக்கும் பெயராகவும் கண்டத்தின் பெயராகவும் இருக்கிறது. அதையே 'தென்கிழக்காசியா' என்று சேர்த்து எழுதினால் ஆகாரம் ககரத்தில் ஏறிக்கொள்ள, பெயர் காணாமல் போகிறது. ரவியைத் தந்த அதே புணர்ச்சி ஆசியாவை எடுத்துக்கொள்கிறது.

தனுஷ்கோடியில் தனுஷ், தேவிபட்டினத்தில் தேவி, சேதுக்கரையில் சேது, மாரியூரில் மாரி, வாலிநோக்கத்தில் வாலி என ஐந்து ஊர்களைக் கண்டுபிடித்திருக்கிறேன். பரிசு உண்டா?
– ஒரு மாணவர், சாயல்குடி

கடற்கரை நெடுகப் பயணம் செய்து தொகுத்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் இவற்றை நான் மறைபெயர் என்று சொல்லமாட்டேன். எல்லாமே சொல்லின் முதலில் வெளிப்படையாக நிற்கின்றன. அதோடு, தனுஷ் என்றால் வில், கோடி என்றால் முனை. ஊர்ப்பெயரில் உள்ள சொல்லே ஆட்பெயராகவும் வழங்குகிறது. பொருள் தொடர்பே இல்லாமல் எழுத்துகள் மட்டும் தற்செயலாகச் சேர்ந்து பெயராவதுதான் நாம் தேடுவது.

இது வெளிநாட்டு விளையாட்டைப் பார்த்து நாம் செய்வதுதானே? தமிழில் முன்பு உண்டா?
– ஒரு வாசகர், தொண்டி

ஆட்பெயரைத் தேடும் இந்த வடிவம் இதழ்கள் வளர்த்தது. எழுத்துக்குள் எழுத்தை ஒளிக்கும் கலை நம்மிடம் மிகப் பழையது. தண்டியலங்காரம் கூறும் 12 சித்திரகவிகளில் கரந்துறைச் செய்யுள், காதைகரப்பு ஆகிய இரண்டும் ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் வேறொரு செய்யுளை மறைத்து வைப்பவை. கரத்தல் என்றாலே மறைத்தல்தான். வினாவுத்தரம் என்பது பல கேள்விகளுக்குத் தனித்தனியே கிடைக்கும் விடைகளைச் சேர்த்தால் ஒரு பெயர் வரும்படி அமைப்பது. மண்ணிலிருந்து எடுக்கும் மஞ்சள் நிற உலோகம் எது, வானில் தேய்ந்து வளர்வது எது என்று கேட்டு, 'பொன்மதி' என்று விடை வாங்குவதைப் போன்றது அது. அந்தப் புலவர்கள் மறைப்பதற்கென்றே சொற்களைத் தேடித் தேடி அடுக்கினார்கள். நாமோ யாரும் மறைக்காததைத் தேடுகிறோம் என்பதுதான் வேறுபாடு.

பள்ளி விழாவில் பிள்ளைகளுக்கு இந்தப் புதிரை வைக்க வேண்டும். புதிதாக எப்படி அமைப்பது?
– ஓர் ஆசிரியை, உச்சிப்புளி

அகராதியைத் திறக்காதீர்கள் அம்மா. வினைச்சொற்களைப் பேச்சில் வருவதுபோல் விகுதிகளோடு எழுதிக்கொள்ளுங்கள். 'கோபம்' என்ற சொல்லில் ஒன்றும் இல்லை, 'கோபித்துக்கொண்டார்' என்பதில் கோபி இருக்கிறார். அது பழகியதும் ஒரு சொல்லின் முடிவையும் அடுத்த சொல்லின் தொடக்கத்தையும் சேர்த்துத் தேடச் சொல்லலாம். "அரிசி வாங்கி வா" என்பதில், சொல் இடைவெளியைத் தாண்டி சிவா நிற்கிறார். எழுதி முடித்தவுடன், பெயர் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வாக்கியம் செயற்கையாக ஒலித்தால், புதிர் எத்தனை நன்றாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்காக ஒன்றை இங்கேயே வைக்கிறேன். இதில் இரண்டு பெண்களும் ஓர் ஆணும் இருக்கிறார்கள். மூவருமே சொல் இடைவெளியைத் தாண்டாமல், ஒரு சொல்லுக்குள் ஒருவராக இருக்கிறார்கள்.

"வலையில் நல்லதாக ஒரு மீனாவது சிக்கியிருந்தால், அவர் இப்படிப் பாராமுகமாகப் படகை விட்டு இறங்கியிருக்க மாட்டார்."