வலிக்கும் பக்கம் மட்டும் வியர்த்தால்

நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் ஏன் வியர்க்கிறது என்று கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான பிரச்சினை வியர்வை இல்லை, வலி. தினமும் இரவு ஒரே நேரத்துக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வலது கண்ணுக்குப் பின்னால் குடைந்து முக்கால் மணி நேரத்தில் அடங்குகிறது. அதுவரை படுக்க முடியாமல் அறைக்குள்ளேயே நடக்கிறீர்கள். அந்தக் கண் சிவந்து நீர் வடிகிறது, மூக்கு அடைக்கிறது, பாதி நெற்றி வியர்க்கிறது. இது பெரும்பாலும் கிளஸ்டர் தலைவலி, அதாவது சில வாரங்களுக்குக் கொத்தாக வந்துபோகும் ஒற்றைப் பக்கத் தலைவலி. முகத்தின் வலியைச் சுமக்கும் ட்ரைஜெமினல் நரம்பு தூண்டப்படும்போது, மூளைத்தண்டு வழியாகக் கண்ணீருக்கும் மூக்குக்குமான தானியங்கி நரம்புகளும் சேர்ந்து கிளம்புகின்றன. அதனால்தான் எல்லாம் ஒரே பக்கம். இணையத்தில் படித்துவிட்டு மாரடைப்பு என்று பயந்தீர்களே, அதை விட்டுவிடுங்கள். சைனஸும் இல்லை.

ஆனால், கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: “ஒரு வாரமாக வலி இல்லாதபோதும் வலது இமை கொஞ்சம் இறங்கியே இருக்கிறது.” இதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். வலியின்போது இமை தாழ்ந்து, வலி விட்டதும் சரியானால் பயமில்லை. வலி போன பிறகும் இமை இறங்கி, அந்தப் பக்கக் கண்மணி மட்டும் சிறுத்திருந்தால், கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்திருக்கலாம். பக்கவாதம் வருவதற்கு அது ஒரு வழி. கிளஸ்டர் தலைவலியிலேயே சிலருக்கு இமை அப்படித் தங்கிவிடுவதுண்டுதான். ஆனால் ஸ்கேன் எடுக்காமல் அப்படி முடிவுகட்டக் கூடாது. கண்மணி வித்தியாசம் மங்கலான வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும். தெரியவில்லை என்றாலும் இன்றே மருத்துவமனைக்குப் போய், மூளையோடு கழுத்து ரத்தக்குழாய்களையும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து வலியோ, கைகால் தளர்ச்சியோ, பேச்சுக் குழறலோ சேர்ந்தால் அடுத்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம், அந்த மாத்திரைகள். தினம் இரண்டு வலி மாத்திரை, கூடவே யாரோ சொன்ன ஆன்டிபயாடிக்! மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் வலி தானாகவே வடிந்துவிடும். மாத்திரைதான் கேட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். மாதத்தில் பாதி நாள் இப்படி மாதக்கணக்கில் விழுங்கினால் வலி மாத்திரையாலேயே தலைவலி வரலாம். தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஸ்கேன் சரியாக இருந்தால், முகமூடி வழியாக நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தாலே பலருக்கு வலி விட்டுவிடும். வராமல் தடுக்க வெராபமில் என்ற மாத்திரை உண்டு. இசிஜி பார்த்துத்தான் அதைத் தொடங்குவார்கள், நீங்களாக வாங்காதீர்கள். இந்த வலி வரும் வாரங்களில் மது ஒரு சொட்டும் வேண்டாம்.