வேலைக்குப் போற குடும்பத்துக்கு ரேஷன் எதுக்கு? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

கார்டு வகைகளைப் பத்திப் போன தடவை எழுதினதுக்கு நிறைய கேள்வி வந்திருக்கு. பாதிப் பேர் வேற வேற வார்த்தைல ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கீங்க, உழைச்சு சம்பாதிக்கிற குடும்பத்துக்கு அரசாங்கம் சாப்பாட்டுக்கு உதவி பண்ணணுமா வேண்டாமான்னு. வட்ட வழங்கல் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவ நான், இப்பவும் தெருவுல யாருக்காவது கார்டுல பிரச்சனைன்னா மனு எழுதிக் குடுக்கறேன். அந்த அனுபவத்துல இருந்து சொல்றேன்.

மேடம், நானும் வீட்டுக்காரரும் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறோம். நான் செக்கிங், அவர் ஓவர்லாக் டெய்லர். ஆர்டர் இருக்கற மாசம் ரெண்டு பேருக்கும் சேத்து இருபத்தஞ்சாயிரம் கிட்ட வரும். ரெண்டு பசங்க. 'சம்பாதிக்கிறீங்களே, உங்களுக்கு எதுக்கு இலவச அரிசி'ன்னு ஒருத்தங்க கேட்டதுல இருந்து ரேஷன் கடைக்குப் போகவே கூச்சமா இருக்கு. கார்டை விட்டுடலாமா?

விடவே விடாதீங்கம்மா. ஆர்டர் இருக்கற மாசம்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, விஷயமே அதுலதான் இருக்கு. ஆர்டர் இல்லாத மாசமும் வீட்டு வாடகை அதேதான், ஸ்கூல் பீஸ் அதேதான், பசங்க பசியும் அதேதான். உங்களுது என்பிஎச்எச், அதாவது முன்னுரிமை இல்லாத குடும்பக் கார்டா இருந்தாலும் மாசம் 20 கிலோ வரைக்கும் அரிசி கிடைக்குது, வெளியில சுமாரான அரிசியே கிலோ அம்பது ரூபான்னு வெச்சா ஆயிரம் ரூபா. அது போக துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபா, பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபா, சக்கரை கிலோ 25 ரூபா, எல்லாம் சேத்தா மாசம் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குக் குறையாம மிச்சம். உங்க வீட்டுல அந்தக் காசு எங்க போகும்னு எனக்குத் தெரியும், பசங்க நோட்டு புக்குக்கும் பால் கணக்குக்கும் போகும், இல்லன்னா வட்டிக்கு வாங்குறது அவ்வளவு குறையும்.

வேலை பாக்கறவங்களுக்குப் பசி இல்லன்னு யார் சொன்னது? நம்ம ஊர்ல ஏழைங்கள்ல பெரும்பாலானவங்க வேலை பாக்கறவங்கதான், சும்மா உக்காந்திருக்கற வசதி ஏழைக்குக் கிடையாது. தலை நிமிந்து போய் வாங்குங்க.

நான் சென்னையில சாப்ட்வேர் கம்பெனில இருக்கேன், ஒழுங்கா வரி கட்டறேன். உண்மையான ஏழைக்குக் குடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா எல்லாருக்கும் எதுக்கு? ஒரு வருமான வரம்பு வெச்சு அதுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு மட்டும் குடுத்தா அரசுக்கும் மிச்சம்தானே?

நியாயமான கேள்வி தம்பி, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். வரம்பு வெச்சுப் பாத்தாச்சு. 1997ல மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழ, மேலன்னு பிரிச்சு ரேஷனைக் குடுக்க ஆரம்பிச்சுது. என்ன ஆச்சுன்னா, 2004-05 சர்வேல பாத்தா நாடு முழுக்க கிராமத்து ஏழைக் குடும்பங்கள்ல ஏறக்குறைய பாதிக்கு அந்த பிபிஎல் கார்டே போய்ச் சேரல. பஞ்சாயத்துல செல்வாக்கு இருந்தவங்க வாங்கிட்டாங்க, கூலிக்காரங்க விடுபட்டுட்டாங்க. தமிழ்நாடு மட்டும் அப்படிப் பிரிக்க மாட்டோம்னு நின்னுச்சு, அதனாலதான் இங்க ரேஷன் கடை இன்னிக்கும் உயிரோட இருக்கு. நடுத்தரக் குடும்பமும் வந்து நிக்கற கடைல எடை குறைஞ்சா சத்தம் போட ஆள் இருக்கும், ஏழை மட்டும் வர்ற கடைல யார் கேப்பா? 2006ல அரிசி கிலோ ரெண்டு ரூபா, 2008ல ஒரு ரூபா, 2011 ஜூன்ல இருந்து இலவசம்னு எந்த ஆட்சி வந்தாலும் சலுகையைக் கூட்டினாங்களே தவிர குறைக்கல, ஏன்னா எல்லார் வீட்டுலயும் கார்டு இருக்கு.

இப்ப வரம்பு எவ்வளவுன்னு வைப்பீங்கன்னு சொல்லுங்க. உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக 2017 ஜூலைல தமிழ்நாடு அரசு ஒரு கெசட் வெளியிட்டுச்சு, முன்னுரிமைக் குடும்பம்ங்கற பட்டியல்ல யார் வரக்கூடாதுன்னு. வருமான வரி கட்டறவங்க, தொழில் வரி கட்டறவங்க, கார் வெச்சிருக்கறவங்க, ஏசி வெச்சிருக்கறவங்க, மூணு ரூம் கான்க்ரீட் வீடு இருக்கறவங்க, அப்புறம் வருஷ வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல இருக்கறவங்க. ஒரு லட்சம்னா மாசத்துக்கு 8,333 ரூபா. கொத்தனார் கூட சித்தாளா போற ஒரு பொம்பளைக்கு நாள் கூலி 500ன்னு வைங்க, மாசம் 17 நாள் வேலை கிடைச்சாலே 8,500 வந்துடும், அந்தம்மா வரம்பைத் தாண்டியாச்சு! புருஷன் இல்லாம ரெண்டு பிள்ளைய வெச்சுக்கிட்டு இருந்தாலும் தாண்டினதுதான். அந்த வாரம் ஆபீஸ் வாசல்ல வந்து நின்ன பொம்பளைங்க மூஞ்சி எனக்கு இன்னும் மறக்கல, ஒருத்தர் கைல நூறுநாள் வேலை அட்டை, இன்னொருத்தர் கைல பாதி கட்டின பூ, எல்லாரும் கேட்ட கேள்வி ஒண்ணுதான், அரிசி நின்னுடுமாம்மா. அப்புறம் அப்ப உணவு அமைச்சரா இருந்த ஆர். காமராஜ், இது மத்தியச் சட்டத்துக்கான பட்டியல்தான், ரேஷன் எல்லாருக்கும் தொடரும்னு விளக்கம் குடுத்ததும்தான் கூட்டம் அடங்குச்சு.

கூலிக்காரங்க வருமானத்தை யாராலும் சரியா சொல்ல முடியாதுங்கறது இன்னொரு சிக்கல். உங்களுக்கு பே ஸ்லிப் இருக்கு. அவங்களுக்கு மழை வந்தா சம்பளம் இல்ல, மேஸ்திரி ஊருக்குப் போனா சம்பளம் இல்ல. வருமானச் சான்றுல வர்ற தொகை ஏதோ ஒரு மாசத்து உண்மை, அவ்வளவுதான். அதை நம்பி பன்னெண்டு மாசத்து அரிசிய நிறுத்தறது அநியாயம்.

உங்களுக்கு வேண்டாம்னா அதுக்கும் வழி இருக்கு. பொருளில்லா அட்டை, அதாவது என்பிஎச்எச்-என்சி, அதுக்கு மாத்திக்கிட்டா அட்டை அடையாளத்துக்கு இருக்கும், உங்க பங்கு அரிசி செலவாகாது. வசதி இருக்கறவங்க தானா விலகறதை நான் மனசார வரவேற்கிறேன். ஆனா விலகணுமான்னு அவங்க முடிவு பண்ணட்டும், சித்தாள் தான் ஏழைன்னு நிரூபிக்கணும்ங்கற நிலைமை வேண்டாம்.

அக்கா, நான் கொத்தனார். சிமெண்ட்ல வேலை பாத்து பாத்து ரேகை தேஞ்சு போச்சு, மெஷின்ல விரல் விழவே மாட்டேங்குது. மூணு தடவை வெச்சுட்டு போயிட்டு நாளைக்கு வான்றாங்க. ஒரு நாள் கூலி போகுது.

இது ரொம்ப பேர் சொல்றது தம்பி. ஈரத்துணில துடைச்சு, தலைல விரலைத் தேய்ச்சு, பத்து விரலையும் மாத்தி மாத்தி வெச்சுப் பாக்கறவங்களை நான் பாத்திருக்கேன், உழைச்ச கைக்கு இப்படி ஒரு சோதனை. ரேகை விழலங்கற காரணத்துக்காக பொருள் இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாதுன்னு 2017லயே மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லிடுச்சு. கண் கருவிழி ஸ்கேனர் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா கார்டுல பேர் இருக்கற வேற யாராவது, உங்க சம்சாரமோ பெரிய பிள்ளையோ போய் விரல் வெச்சாலும் போதும், குடும்பத் தலைவர்தான் வரணும்னு இல்ல. அதுக்கும் ஒத்துக்கலைன்னா அங்க நின்னே 1967க்கு போன் போட்டு புகார் பதிவு பண்ணுங்க. ஆதார் சென்டர்ல ரேகைய ஒரு தடவை புதுப்பிச்சுடறதும் நல்லது.

திங்கள்ல இருந்து சனி வரைக்கும் மில்லு வேலை. கடைக்கு எப்பதான் போறது?

மாசத்தோட முதல் ரெண்டு ஞாயித்துக்கிழமை கடை திறந்திருக்கும், அதுக்குப் பதிலா முதல் ரெண்டு வெள்ளிக்கிழமை லீவு. ரெண்டாவது ஞாயிறு போங்க, முதல் வாரத்துல பருப்பும் பாமாயிலும் சில கடைக்கு வந்திருக்காது.

தோழர் ஒருத்தர் சொல்றார், கம்பெனிக்காரன் குடுக்க வேண்டிய கூலிய அரசாங்கம் அரிசியா குடுக்குது, இதனால முதலாளி சம்பளத்தை ஏத்தாம தப்பிக்கிறான்னு. இது சரியா?

பாதி சரி. அமெரிக்காவுல ஸ்னாப்னு ஒரு உணவு உதவி இருக்கு, முன்னாடி ஃபுட் ஸ்டாம்ப்னு சொல்வாங்க. அங்க 2020ல ஜிஏஓங்கற அரசுத் தணிக்கை அமைப்பு பாத்தப்ப, அந்த உதவிய வாங்கிக்கிட்டே வேலையும் பாக்கற பெரியவங்கள்ல ஏறக்குறைய 70 சதவீதம் பேர் வாரம் 35 மணி நேரமோ அதுக்கு மேலயோ உழைக்கறவங்க. வால்மார்ட், மெக்டொனால்ட்ஸ் மாதிரி பெரிய பெரிய கம்பெனி ஆளுங்க அதுல இருந்தாங்க. முழு நேரம் உழைச்சும் சாப்பாட்டுக்கு உதவி தேவைப்படுதுன்னா தப்பு சம்பளத்துல இருக்கு, அந்த மட்டும் உங்க தோழர் சொல்றது உண்மை.

ஆனா அதுக்காக அரிசிய நிறுத்தினா முதலாளி மறுநாளே கூலிய ஏத்திடுவானா? மாட்டான். தொழிலாளி பட்டினியோட வேலைக்கு வருவான், கிடைச்ச கூலிக்கு ஒத்துக்குவான். வீட்டுல ஒரு மாசத்துக்கு அரிசி இருக்கறவன்தான் 'இந்தக் கூலிக்கு வர மாட்டேன்'னு ஒரு வாரம் நிக்க முடியும். அதனால குறைஞ்சபட்சக் கூலிக்கும் போராடுங்க, ரேஷனையும் காப்பாத்துங்க, ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை விட்டுடாதீங்க.

கல்யாணம் ஆகி வேலைக்காக வாடகை வீட்டுக்கு வந்துட்டோம். என் பேர் இன்னும் அம்மா வீட்டுக் கார்டுல. தனி கார்டு வாங்க ஹவுஸ் ஓனர் பேப்பர் தர மாட்டேங்கறார்.

முதல்ல ரெண்டு பேர் பேரையும் அவங்கவங்க பெற்றோர் கார்டுல இருந்து நீக்குங்க, அது ஆகாம புது விண்ணப்பம் நகராது. தமிழ்நாடு பொது விநியோகத் திட்டத்தோட டிஎன்பிடிஎஸ் வெப்சைட்லயே பண்ணலாம். முகவரிக்கு வாடகை ஒப்பந்தம்தான் வேணும்னு இல்ல, அந்த முகவரில இருக்கற கேஸ் புக், பேங்க் பாஸ்புக் இதெல்லாமும் எடுத்துக்குவாங்க. விசாரணைக்கு ஆள் வரும்போது தனியா சமைக்கிறீங்களான்னு பாப்பாங்க, அந்த நாள் வீட்டுல யாராவது இருங்க. இழுத்தடிச்சா மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை நடக்கற குறைதீர் முகாம்ல நேர்ல மனு குடுங்க.

என்பிஎச்எச் கார்டு இருந்தா மகளிர் உரிமைத் தொகை வராதா? நான் வீட்டு வேலை பாக்கறேன், என்னுது தள்ளுபடி ஆயிடுச்சு.

கார்டு வகைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. அதுக்கு வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ள, கரண்டு வருஷம் 3,600 யூனிட்டுக்குள்ளன்னு தனி வரம்பு. 2023ல 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பிச்சு 1 கோடியே 6 லட்சம் பேருக்குத்தான் முதல்ல கிடைச்சுது, அதுக்கப்புறம் மேல்முறையீடு, அலைச்சல்னு எத்தனை பேர் நின்னாங்க. வரம்பு வெச்சா இப்படித்தான் ஆகும்னு மேல அந்தத் தம்பிக்குச் சொன்னேன்ல, அது இதுதான். எந்தக் காரணத்துக்காக தள்ளுபடின்னு இ-சேவை மையத்துல கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. பல இடத்துல ஒரே மீட்டர்ல நாலு குடும்பம் இருக்கறதால யூனிட் கூடிப் போயிருக்கும், அப்படின்னா அதை எழுதி மனுவோட வைங்க.

நான் கோயம்புத்தூர்ல சைட் சூப்பர்வைசர். எங்ககிட்ட பீகார், ஒடிசா பசங்க இருபது பேர் தகரக் கொட்டகைல தங்கி வேலை பாக்கறாங்க. அவங்களுக்கு இங்க அரிசி கிடைக்குமா?

கேட்டதுக்கே உங்களுக்கு நன்றி சார். கிடைக்கும். ஒரே நாடு ஒரே ரேஷன் தமிழ்நாட்டுல 2020 அக்டோபர்ல இருந்து இருக்கு, எல்லா மாநிலமும் இதை அமல்படுத்தியே ஆகணும்னு சுப்ரீம் கோர்ட் 2021 ஜூன்ல உத்தரவே போட்டிருக்கு. ஊர்ல அவங்க குடும்பக் கார்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கணும், அதுல அவங்க பேரும் ஆதாரும் சேந்திருக்கணும், அவ்வளவுதான், கார்டை இங்க மாத்த வேண்டாம். ஆளுக்கு மாசம் 5 கிலோ கணக்கு, இவங்க பங்கை இங்க எடுத்துக்கிட்டு குடும்பம் மிச்சத்தை ஊர்ல எடுத்துக்கலாம். பருப்பு, பாமாயில், சக்கரை நம்ம மாநிலத் திட்டம், அது அவங்களுக்கு வராது, எனக்கு இதுல வருத்தம் உண்டு, நம்ம ஊர் கட்டடத்தைக் கட்டறவங்களுக்கு ஒரு கிலோ பருப்பு குடுத்தா நாம குறைஞ்சா போயிடுவோம்?

சில பசங்க பேர் ஊர்க் கார்டுலயே இருக்காது. மத்திய அரசு ஒதுக்கீடு இன்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வெச்சே ஓடறதால புதுசா கல்யாணம் ஆனவங்க, பொறந்தவங்கன்னு கோடிக்கணக்கானவங்க வெளில நிக்கறாங்க. அந்தப் பசங்களை இ-ஷ்ரம்ல, அதாவது அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பதிவுல, பதிவு பண்ண வைங்க, அதுல பதிஞ்சு கார்டு இல்லாதவங்களுக்கு கார்டு குடுக்கணும்னு 2023 ஏப்ரல்ல கோர்ட் சொல்லியிருக்கு. கடை திறந்திருக்கற ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரை மட்டும் ஆதார் அட்டையோட பக்கத்துக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, மொழி தெரியாம அவங்க தனியா போனா திரும்பி வந்துடுவாங்க, நீங்க கூட நின்னு கேளுங்க. தர மாட்டேன்னு சொன்னா கடை எண்ணைக் குறிச்சுக்கிட்டு எனக்கு எழுதுங்க.